சல்லிக்குள் சேரும் மண்

திருகோணமலைக்குப் போகும் ரயில் கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிகிறது. அங்கிருந்து அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா வழியாக ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஓடித் துறைமுக நகரை எட்டுகிறது. 1927-இல் திறந்த பாதை இது. தொடக்கத்தில் யானைக்காடு, நடுவில் குளமும் வயலும், முடிவில் உப்புக்காற்று. ரயில்பாதைக்கும் புல்பூண்டுக்கும் நடக்கும் ஓயாத வழக்கின் எல்லாப் பக்கங்களையும் இந்த ஒரு துண்டிலேயே பார்த்துவிடலாம்.

மாரிமழை ஓய்ந்த தைமாதத்தில் இந்த வழியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். ரயில் தினமும் ஓடும் பிரதான பாதையில் சாம்பல் நிறச் சல்லிக்கல் வெளியே தெரியும். நாலு அடி தள்ளி, சரக்குப் பெட்டிகள் எப்போதாவது வந்து நிற்கும் பக்கப்பாதையிலோ தண்டவாளத்தின் தலைவரை புல் மூடியிருக்கும். இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயில். காற்று கொண்டுவரும் விதையும் ஒன்றுதான். சக்கரம் நசுக்குவதால் பிரதான பாதையில் புல் வளர்வதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ரயிலின் சக்கரம் தண்டவாளத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒன்றரை மீற்றருக்கு மேல் அகலமான நிலம் சக்கரம் படாமலேதான் கிடக்கிறது. அங்கே புல் வராததற்குக் காரணம் வேறு. அந்தச் சல்லியில் மண் இல்லை.

பாதைக்குக் கீழே கொட்டப்படும் கருங்கல் சல்லி ஏன் அப்படி உடைத்த கல்லாக, கூர்முனையோடு, பெரும்பாலும் 25 முதல் 50 மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் மீதிக் கதை தானாக விளங்கும். இலங்கையில் நெடுங்காலம் ஓடிவரும் எம்2 வகை டீசல் எஞ்சின் 80 தொன்னை நெருங்கும் எடையுள்ளது. அந்தப் பாரம் சக்கரங்களுக்குப் பிரிந்து, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு சிறு நாணயத்தின் பரப்புக்குள் இறங்குகிறது. தண்டவாளம் அதைச் சில சிலிப்பர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. சிலிப்பர் சல்லிக்குக் கொடுக்கிறது. சல்லி, ஒரு கல் இரண்டு கல்லின்மேல் சாய்ந்து, அந்த இரண்டும் நாலின்மேல் சாய்ந்து, நிலத்தைத் தொடும்போது மண் தாங்கக்கூடிய அளவுக்கு அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. கூர்முனைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதால்தான் இது நடக்கிறது. ஆற்றங்கரை உருண்டைக் கல்லைப் போட்டால் நழுவிவிடும்.

கற்களுக்கு இடையில் உள்ள வெற்றிடத்துக்கும் வேலை உண்டு. மழைநீர் அதன் வழியாக இறங்கி ஓரத்துக்கு ஓடிவிட வேண்டும். நீர் தங்காத இடத்தில் விதை முளைத்தாலும் நாலைந்து நாள் வெயிலில் கருகிவிடும். புதுச் சல்லி தாவரத்துக்குப் பாலைவனம்.

அந்த வெற்றிடம் நிரம்பத் தொடங்கும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு ரயில் போகும்போதும் கல்லின் முனை கொஞ்சம் உடைந்து தூளாகிறது. வைகாசி தொடங்கி ஆவணி தாண்டியும் வீசும் கச்சான் காற்று வயல்வெளிப் புழுதியை அள்ளிவந்து கொட்டுகிறது. இலைச்சருகு விழுகிறது. சீனன்குடாப் பக்கத்தில் பிறீமா மாவு ஆலையும் டோக்கியோ சீமெந்து ஆலையும் இருப்பதால், மாவும் சீமெந்தும் ரயிலில் ஏற்றி இறக்கப்பட்ட இடம் அது. சிந்தும் சீமெந்து மழையில் இறுகிச் சல்லியின் கண்களை அடைக்கும்; சிந்தும் மாவு அழுகி உரமாகும். பெட்டிகளின் கழிவறைகள் நேரே பாதைக்குத் திறக்கும் ஏற்பாடு செய்த உபகாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாவரத்துக்கு வேண்டிய நைதரசனைப் பயணிகளே வழிநெடுக இலவசமாகப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இப்படிச் சேர்ந்த தூளில் முதல் புல் வேர் விடுகிறது. அதன் பிறகு வேலையைப் புல்லே எடுத்து நடத்துகிறது. வேர் வலை தூளை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, தண்டு காற்றில் வரும் புழுதியைத் தடுத்துத் தன் காலடியில் இறக்குகிறது. பங்குனி சித்திரையில் அது காய்ந்து மடியும்போது உடலும் மக்கி மண்ணாகிறது. அடுத்த ஐப்பசியில் ஒரு புல்லுக்கு இருந்த இடத்தில் பத்துப் புல்லுக்கு இடம் இருக்கும். களை தனக்கு வேண்டிய நிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மருந்து தெளித்துக் கொன்றுவிட்டு அப்படியே விட்டால், செத்த செடியும் இந்த மண் கணக்கில்தான் சேரும். தண்டவாளக் களையை நோயாக எண்ணி மருந்து தேடுவதில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான். அது நோயின் அறிகுறி. நோய், சல்லிக்குள் சேர்ந்த மண்.

அந்த நோய் முற்றினால் என்ன ஆகும்? மாரியில் சல்லிக்குள் நீர் தேங்கும். தூளும் நீரும் குழைந்து சேறாகும். ரயில் போகும்போது சிலிப்பர் உலக்கைபோல் ஏறி இறங்கி, சேற்றை மேலே பீச்சியடிக்கும். சேறு பூசிய கல்லின் முனைகள் கவ்வும் திறனை இழந்து வழுக்கும். ஒரு சிலிப்பர் தாழ்ந்தால் அதன் பாரம் பக்கத்துச் சிலிப்பரில் ஏறும், அதுவும் தாழும். மரச் சிலிப்பராக இருந்தால் ஈரத்தில் உளுத்துப்போகும், கறையானும் வரும். ஆணி தளரும். சாரதிக்கு ‘இந்த இடத்தில் மெதுவாகப் போ’ என்று கட்டளை வரும். இலங்கையில் ரயில் ஏன் இப்படி ஆடி ஆடி ஊர்ந்து போகிறது என்று அலுத்துக்கொள்ளும் பயணி, பல இடங்களில் உண்மையில் சேற்றைத்தான் திட்டுகிறார்.

கோடையில் வேறு தொல்லை. உருக்கு, ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் தன் நீளத்தில் 10 இலட்சத்தில் பதினொன்றரைப் பங்கு நீளும். கேட்க அற்பமாகத் தோன்றும். திருகோணமலை வெயிலில் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே தண்டவாளம் 25 பாகை சூடேறுவது பெரிய விஷயமில்லை. அப்போது 1 கிலோமீற்றர் தண்டவாளம் ஏறத்தாழ 29 சென்ரிமீற்றர் நீள முயலும். மூட்டுகளில் விட்ட இடைவெளி அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிஞ்சிய விசை தண்டவாளத்தைப் பக்கவாட்டில் வளைக்கப் பார்க்கும். அதை வளையவிடாமல் பிடித்து நிற்பது சிலிப்பரின் இரு முனைகளிலும் குவித்த சல்லித் தோள்தான். அந்தத் தோள் பற்றைக்குள் மறைந்து, பாதி மண்ணாகிச் சரிந்துபோயிருந்தால், அது சரிந்துவிட்டது என்பதைக்கூடப் பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்துபோகும் தொழிலாளியால் கண்டுகொள்ள முடியாது. புல் செய்யும் கெடுதல்களில் இந்த மறைப்பு வேலை மிகக் கெட்டது. கழன்ற ஆணி, வெடித்த தண்டவாளம், அடைத்துக்கொண்ட மதகு எல்லாவற்றையும் ஒரே போர்வையால் மூடிவிடும்.

திருகோணமலை மாவட்டத்துக்கு வரும் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதனால் இங்கே செடிகளின் நாட்காட்டியும் இறுக்கமானது. முதல் மழைக்கு முளைத்து, மார்கழிக்குள் பூத்து, நிலம் காய்வதற்குள் விதை உதிர்க்க வேண்டும். இந்த அவசரத்துக்குப் பொருத்தமானவை சில உண்டு. கினிப்புல் ஆளுயரம் எழும்பும். அறுகு தரையோடு ஓடும். கோரை கிழங்கில் உயிரை ஒளித்துவைக்கும். ஓரத்தில் நாயுண்ணியும் எருக்கலையும் விடத்தலும் வரும். பாலத்துக் கல்லிடுக்கில் பறவை போட்ட ஆலம்விதை முளைக்கும்; அதைச் சின்னதில் பிடுங்காமல் விட்டால் பிறகு பாலத்தோடுதான் பிடுங்க வேண்டியிருக்கும்.

பார்த்தீனியமும் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பார்கள். இலங்கைக்கு அது 1980களின் இறுதியில் இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடும் வாகனங்களோடும் வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. அந்தப் படையின் கடைசி அணி 1990 மார்ச்சில் கப்பலேறியது திருகோணமலையிலிருந்துதான். படை போய்விட்டது, செடி தங்கிவிட்டது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தொட்டால் தோல் அரிக்கும். கையால் பிடுங்கச் சொன்னால் பாதைத் தொழிலாளிகள் முகம் சுளிப்பது நியாயம்தான்.

விதைகளுக்கு ரயில்பாதை வெறும் தங்குமிடம் மட்டுமல்ல, போக்குவரத்துச் சாதனமும்கூட. இங்கிலாந்தில் நடந்த கதை ஒன்று தாவரவியலாளர்களிடையே பேர்போனது. இத்தாலியின் எட்னா எரிமலைச் சரிவில் வளரும் மஞ்சள்பூச் செடி ஒன்றை ஆக்ஸ்போர்ட் தாவரவியல் பூங்காவில் வளர்த்தார்கள். அது மதிலேறி நகரத்துச் சுவர்களில் பரவியது. 1844-இல் ஆக்ஸ்போர்டுக்கு ரயில் வந்தது. அந்நாளில் பாதைக்கு எஞ்சினில் எரிந்த நிலக்கரிக் கட்டியையும் போடுவார்கள். எரிமலைக் கற்குழம்பில் வளர்ந்து பழகிய செடிக்கு அது சொந்த ஊர் மாதிரியே இருந்திருக்கிறது. ஓடும் ரயில் இழுக்கும் காற்றில் அதன் பஞ்சு விதைகள் தொடர்ந்து பறந்து, ஊர் ஊராக இறங்கின. ஜோர்ஜ் கிளாரிட்ஜ் டுரூஸ் என்ற தாவரவியலாளர், ஒரு விதை தன் பெட்டிக்குள் ஆக்ஸ்போர்டில் ஏறி டைல்ஹர்ஸ்ட் நிலையத்தில் இறங்கிப்போனதைப் பதிவு செய்திருக்கிறார். பயணச்சீட்டு இல்லாமல்தான்.

நம் நாட்டில் எதிர்த்திசைப் பரிசோதனை ஒன்று நடந்தது. யாரும் விரும்பிச் செய்ததல்ல. 1990-இல் போரால் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பரும் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் யாழ்தேவி ரயில் போனது 2014 ஒக்ரோபரில். இடையில் போன 24 ஆண்டுகளில் கவனிப்பாரற்ற பாதைக்கட்டில் காடு ஏறியது. முதலில் புல், அது பிடித்த மண்ணில் பற்றை, பற்றையின் நிழலில் மரக்கன்று. வறண்ட வலயத்தில் காடு திரும்பும் ஒழுங்கு அதுதான். ஓடும் பாதையில் பராமரிப்பு என்று நாம் சொல்வது, இந்த ஒழுங்கை ஆண்டுதோறும் முதற்படியிலேயே மறித்து நிறுத்தும் வேலையைத்தான்.

இனி யானை. 2025 பெப்ரவரி 20 அதிகாலை, கல்ஓயாவை அடுத்து மட்டக்களப்புப் பாதையில் மீனகயா ரயில் யானைக்கூட்டத்தில் மோதியது. ஆறு யானைகள் இறந்தன, ரயில் தடம்புரண்டது. 2024 ஒக்ரோபரில் அதே பாதையில் மின்னேரியாப் பகுதியில் எரிபொருள் ரயில் மோதி இரண்டு யானைகள் செத்திருந்தன. கல்ஓயாவிலிருந்து கந்தளாய்ப் பக்கம் வரும் நம் பாதையும் கவுடுல்ல தேசியப் பூங்காவை அண்டித்தான் போகிறது. இப்படி ஒவ்வொரு முறையும் எழும் குரல்களில் ஒன்று: பாதையின் இருபுறமும் பற்றையை வெட்டி அகலமாக்குங்கள், சாரதிக்கு யானை தெரியட்டும்.

சரியான யோசனைதான். எவ்வளவு பயன் தரும் என்பதைச் சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் ரயில் வினாடிக்கு 16.7 மீற்றர் நகர்கிறது. சாரதி யானையைப் பார்த்து பிரேக் பிடிக்க இரண்டரை வினாடி. பிரேக் ஓரளவு நன்றாகப் பிடித்து ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு அரை மீற்றர் வீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், நிற்பதற்குள் ஏறத்தாழ 320 மீற்றர் ஓடிவிடும். 40 கிலோமீற்றரில் வந்தால் 150 மீற்றர். நேர்ப்பாதையில் எஞ்சின் விளக்கு இதற்கு ஓரளவு உதவும். வளைவில் விளக்கு நேரே காட்டுக்குள் அடிக்கும். பற்றை எங்கே தொடங்குகிறதோ அதுவரைதான் பார்வை.

400 மீற்றர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். பாதையின் நடுக்கோட்டிலிருந்து 5 மீற்றர் வரை வெட்டியிருந்தால் சாரதிக்கு முன்னால் 126 மீற்றர் தெரியும். அதை நாலு மடங்காக்கி 20 மீற்றர் வரை வெட்டினால் நாலு மடங்கு தூரம் தெரியுமென்று மனம் சொல்லும். வடிவியல் ஒத்துக்கொள்ளாது. 253 மீற்றர்தான், இரண்டு மடங்கு. வெட்டும் அகலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் பார்வைத் தூரம் கூடும். 320 மீற்றர் தெரிய வேண்டுமானால் 32 மீற்றர் காட்டை வெட்ட வேண்டும். வேகத்தை 40 ஆகக் குறைத்தாலோ 7 மீற்றர் போதும். பிரேக் ஓட்டம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது என்பதால், கத்தியைவிட வேகக் கட்டுப்பாட்டுக்கு வலு அதிகம். எரிபொருள் ஏற்றிய நீண்ட ரயிலுக்கு இந்தத் தூரங்கள் இன்னும் கூடும். வளைவில் பற்றை வெட்டுவதும் வேகம் குறைப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டியவை. வெட்டி முடித்துவிட்டோம், பழையபடி ஓட்டலாம் என்று நினைப்பது ஆபத்து.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பற்றையை வெட்டிய இடத்தில் வெயில் விழும். வெயில் விழுந்த இடத்தில் கினிப்புல் தளிர்க்கும். யானைக்கு முற்றிய புல்லைவிட இளந்தளிர் பிடிக்கும். யானை வரும்போது தெரியட்டும் என்று வெட்டிய இடம் யானையை அழைக்கும் பந்தியாகிவிடக்கூடும். இதற்கான விடைக்கு வருவதற்குமுன் களைக்கொல்லி மருந்துகளைப் பார்த்துவிடுவோம். ‘ஒரேயடியாகத் தெளித்துவிட்டால் என்ன?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

ரயில்வேக்கள் அதை நூறாண்டாகச் செய்து பார்த்தாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளில் தெளித்தது ஆர்சனிக் உப்பு. அது மண்ணை விட்டுப் போவதில்லை. பழைய பாதை நிலங்களில் இன்றும் அகப்படுகிறது. பிறகு சோடியம் குளோரேற். அது செடியைக் கொன்று காயவைக்கும், காய்ந்த செடியில் தங்கி அதை எளிதில் தீப்பிடிக்கவும் வைக்கும். கச்சான் வீசும் காலத்தில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் அப்படியொரு பொருளைத் தெளிப்பதை நினைத்துப் பாருங்கள். பிரித்தானியர் விட்டுப்போன 99 தாங்கிகள் அங்கே உள்ளன. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் அந்தத் தொகுதியில் தாங்கி எரிந்திருக்கிறது. மேல்தொகுதித் தாங்கிகள் பல பத்தாண்டுகள் காட்டுக்குள் மூழ்கிக் கிடந்தன. காய்ந்த புல்லுக்கு அங்கே வேறு பொருள் உண்டு.

1974-இல் சந்தைக்கு வந்த கிளைபோசேற் இவற்றைவிட நாகரிகமான மருந்தாகத் தோன்றியது. இலை வழியாக உள்ளே போய், செடி தன் உணவை வேருக்கு அனுப்பும் அதே குழாய்களில் இறங்கி, வேர்வரை சென்று கொல்லும். மூன்று அமினோ அமிலங்களைத் தாவரம் தானே செய்துகொள்ளும் ஒரு வழித்தடத்தில், ஒரு நொதியை அது முடக்குகிறது. அந்த வழித்தடம் விலங்குகளுக்குக் கிடையாது என்பதுதான் அதன் பாதுகாப்புக்குச் சொல்லப்பட்ட வாதம். 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற வகையில் அதைச் சேர்த்தது. பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை.

இலங்கையில் சண்டை வேறு காரணத்தால் மூண்டது. வடமத்திய மாகாணத்திலும் அதை ஒட்டிய இடங்களிலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை அழித்துக்கொண்டிருந்தது. திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுர அவற்றில் ஒன்று. ஆய்வாளர் சன்ன ஜயசுமனவும் அவரோடு சேர்ந்தவர்களும் கடினநீர், கன உலோகங்கள், கிளைபோசேற் மூன்றும் கூடி இதைச் செய்கின்றன என்ற கருதுகோளை 2014-இல் முன்வைத்தார்கள். 2015-இல் நாடு கிளைபோசேற்றைத் தடை செய்தது. 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது, 2022-இல் தடையை நீக்கியது. நோயின் காரணம் குறித்து அறிவியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கடினநீர், புளோரைட்டு, வெயிலில் உழைக்கும்போது உடலில் நீர் வற்றுவது எனச் சந்தேகப் பட்டியல் நீளம்.

சிறுநீரக வாதத்தை ஒதுக்கி வைத்துவிட்டாலும், ரயில்பாதைக்கென்று தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. கிளைபோசேற் வயலில் ஓரளவு அடங்கிக் கிடப்பது, களிமண்ணும் இரும்பு ஒக்சைட்டுகளும் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால். சல்லியில் களிமண் இல்லை, இருக்கவும் கூடாது. தெளித்த மருந்து பிடிக்க ஆளில்லாமல் அடுத்த மழைக்கு ஓரக் கானுக்கு இறங்கிவிடும். கோடையில் தெளிக்கலாமே என்றால், வெயிலில் வாடிய செடி மருந்தைச் சரியாக உள்ளே வாங்காது. மருந்து வேலை செய்யும் காலமும் மருந்து கழுவிப்போகும் காலமும் இங்கே ஒன்றுதான். கழுவிப்போகும் நீர் கந்தளாய் வாய்க்காலுக்கும் தம்பலகாமத்து வயலுக்கும், கடைசியில் குடாக்கடலுக்கும் போகிறது. ஐரோப்பிய ரயில்வேக்களும் இந்த நீர்க் கவலையோடு மல்லுக்கட்டியவைதான். ஜேர்மனியில் கிளைபோசேற்றைப் பெருமளவில் பயன்படுத்திய தனி நிறுவனம் அந்நாட்டு ரயில்வேதான். 2022 முடிவோடு அது நிறுத்திவிட்டது. பிரெஞ்சு ரயில்வே அதற்கு முந்திய ஆண்டே நிறுத்தியது.

சுவிட்சர்லாந்து கொதிநீர் தெளிக்கும் ரயிலைச் சோதித்தது. கேட்க அழகாக இருக்கும். நம் 70 கிலோமீற்றருக்குக் கணக்குப் போடுவோம். 5 மீற்றர் அகலத்துக்கு, சதுர மீற்றருக்கு 4 லீற்றர் என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு 14 இலட்சம் லீற்றர் நீர். அதை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குப் பக்கமாகக் கொண்டுவர, கொதிகலத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், 14,000 லீற்றர் டீசல் எரிக்க வேண்டும். வெந்துபோவது இலைதான். கோரைக்கிழங்குக்கு அது ஒரு பொருட்டே அல்ல, சில கிழமைகளில் மீண்டும் தலைநீட்டும். டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களை மறக்காத நாட்டில் இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

இதைவிடப் புத்திசாலித்தனமானது கண்ணுள்ள தெளிப்பான். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி எறிகிறது. கருங்கல் இரண்டையும் ஏறத்தாழ ஒரேமாதிரி திருப்பும். இந்த வேறுபாட்டை உணரி ஒன்று பார்த்துச் செடி உள்ள இடத்தில் மட்டும் குழாயைத் திறக்கும். வண்டி மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் ஒரு மீற்றரைக் கடக்க வினாடியில் பதினொன்றில் ஒரு பங்கு நேரம்தான். மின்னணுவுக்கு அது தாராளம். மருந்தின் அளவு குறையும். மண் மட்டும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

மண்ணை எடுக்க ஒரே வழி, சல்லியைத் தோண்டி, சலித்து, தூளைக் கழித்து, கல்லைத் திருப்பிப் போடுவது. அதற்குப் பெரிய இயந்திரங்கள் உண்டு. ஒரு கிலோமீற்றரில் ஆயிரம் கன மீற்றருக்கு மேல் சல்லி இருப்பதால் செலவும் பெரியது. எல்லா இடத்திலும் ஒரேயடியாகச் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். சேறு பீச்சும் இடங்கள், சீமெந்தும் மாவும் சிந்திய பக்கப்பாதைகள், நீர் வடியாமல் நிற்கும் வெட்டுப்பள்ளங்கள் ஆகியவற்றை முதலில் எடுத்தால் போதும். ஓரக்கானைத் தூர்வாரி நீரை வடியவிடுவது அதைவிட மலிவு, பலனும் உடனே தெரியும். புரட்டாசி முடிவதற்குள் கான் திறந்திருக்க வேண்டும். தை பிறந்தபிறகு கானை வெட்டுவது சம்பளத்துக்குச் செய்யும் வேலை.

மீதி இருப்பது மண்வெட்டியும் அலவாங்கும் கத்தியும். இவற்றைப் பயன்படுத்துவதிலும் தாவரவியல் இருக்கிறது. புல்லின் வளர்முனை தரையோடு ஒட்டியிருப்பதால், மேலே வெட்டினால் அது சாவதில்லை, இளமையாகிறது. எருக்கலைபோன்ற அகன்ற இலைச் செடிகளின் வளர்முனைகள் தண்டில் மேலே இருப்பதால், பல முறை வெட்டினால் அவை சோர்ந்துவிடும். தர்ப்பைப் புல்லும் அறுகும் நிலத்தடித் தண்டால் பரவுகின்றன. அவற்றைக் கொத்தினால் ஒவ்வொரு துண்டும் புதுச் செடி. கினிப்புல் அப்படியல்ல. அது தூராக, ஓரிடத்தில் குத்தாக நிற்கும். அலவாங்கால் தூரோடு நெம்பி, வேரை வெயிலில் கவிழ்த்துப் போட்டால் கதை முடிந்தது.

யானைப் பகுதிக்கு உரிய விடை இந்தக் குத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கல்ஓயாவுக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாசி பங்குனியில், நிலத்தில் ஈரம் மிச்சமிருக்கும்போது கினிப்புல்லை வெட்டினால், சுற்றுமுள்ள காடு காய்ந்து வரும் நேரத்தில் பாதையோரம் மட்டும் பச்சையாகத் தளிர்க்கும். யானைக்கு அதைவிட வெளிப்படையான அழைப்பு வேண்டாம். அங்கே வளைவுகளின் உட்புறத்தில் மட்டும், ஆடி ஆவணியில், தளிர்க்க ஈரமில்லாத நாட்களில் தூரோடு எடுக்க வேண்டும். எடுத்த புல்லைப் பாதையோரம் விட்டுவைக்காமல் அகற்ற வேண்டும். மாரி முழுக்க ரயில் அங்கே மெதுவாகத்தான் போக வேண்டியிருக்கும். தம்பலகாமத்துக்கு அப்பால் கதை வேறு. அங்கே பார்த்தீனியமும் ஆண்டுப் புற்களும் பூப்பதற்குமுன், கார்த்திகைக்குள், நிலம் நனைந்து வேர் இலகுவாக வரும்போது பிடுங்கியாக வேண்டும். கையுறையோடு.